உறை ஊற்றிய தண்ணீர்

ஒரே விஷயத்தை எத்தனை பேர்கிட்ட எத்தனை தடவை சொல்றது? மேனேஜர்கிட்ட நாலு தடவை. பொடி கொண்டுவந்த விஞ்ஞானிகிட்ட ரெண்டு தடவை. காலனிப் பொம்பளைங்ககிட்ட எத்தனை தடவைன்னு எனக்கே ஞாபகம் இல்ல. சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப் போச்சு. அதுக்கப்புறம்தான் நான் அந்தக் காரியத்தைச் செஞ்சேன். செஞ்சதுக்கு எனக்கு வருத்தம் கிடையாது. எதுக்குச் செஞ்சேன்னு ஒரு மனுஷன்கூட ஒழுங்கா எழுதிக்கல, அந்த ஆத்திரம்தான் இன்னும் ஆறல.

எம்பேரு ரூபாவதி. பாலாத்தங்கரையில தோல் பதனிடுற ஊரு எங்களுது. அங்க இருக்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலையில பதினாறு வருஷமா ஆபரேட்டர். ஊர்ல இருக்கிற அறுபது தோல் ஷெட்டோட அழுக்குத் தண்ணியும் எங்க தொட்டிக்குத்தான் வரும். நாத்தம் குடலைப் பிடுங்கும். நிறம் பச்சையும் நீலமுமா இருக்கும், அது குரோமியம். தோலைப் பதப்படுத்தப் போட்டதுல மிச்சம். தண்ணியில கரைஞ்சிருக்கிற வரைக்கும் அதை எந்த வடிகட்டியாலயும் பிடிக்க முடியாது. சுண்ணாம்பு போட்டுக் கலக்கினா, கரைஞ்சது திரிதிரியாக் கட்டி அடியில இறங்கும். மேல தண்ணி தெளியும். கீழ சேர்ற சேத்தை மெஷின்ல பிழிஞ்சு வில்லை வில்லையா எடுத்துடுவோம். எங்க தொழில் மொத்தமும் இவ்வளவுதான்.

இதுல ஒரு கைவேலை இருக்கு. எந்தப் புத்தகத்துலயும் போட்டிருக்காது. நேத்து இறங்கின சேத்துல ஒரு வாளி எடுத்து வெச்சு, இன்னைக்கு நிரப்புற தொட்டியில ஊத்துவோம். புதுத் திரி பழைய திரியைப் பிடிச்சுக்கிட்டு சரசரன்னு இறங்கும். ரெண்டு மணி நேர வேலை முக்கால் மணியில முடிஞ்சிடும். தயிருக்கு ஊத்துறதைப் போலத்தானே, அதனால இதுக்கும் உறைன்னுதான் பேரு. எல்லாச் சேத்துலயும் உறை எடுக்க மாட்டோம். எந்தத் தொட்டியில சேறு வேகமா இறங்குதோ அதுலதான் எடுப்போம். எங்க ஆலையில மூணு ஷிஃப்டும் அப்படித்தான், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்ல.

போன வருஷம் தை மாசம் கீர்த்திவாசன்னு ஒரு விஞ்ஞானி வந்தாரு. முப்பத்திரண்டு வயசு இருக்கும். சென்னையில ஏதோ ஆய்வுக்கூடம். தொட்டி ஓரம் கைக்குட்டையால மூக்கைப் பொத்திக்கிட்டு நிப்பாரே தவிர, கேட்ட கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டாரு. கையில வெள்ளைப் பொடி பாக்கெட்டு.

"சுண்ணாம்புக்குப் பதிலா இதுவா சார்?"ன்னு கேட்டேன்.

"ஆமாக்கா. சுண்ணாம்பு வண்டி வண்டியாப் போடணும், சேறும் வண்டி வண்டியா வரும். இது குரோமியத்தை மட்டும் பிடிக்கும். பிடிச்ச குரோமியத்தை வெச்சே தன்னை மாதிரி இன்னொரு துகளைக் கட்டிக்கும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். ஒரு தொட்டிக்கு ஒரு பாக்கெட்டு போதும்."

"அப்படின்னா இதுக்கு உயிர் இருக்கா?"

சிரிச்சாரு. "கல்கண்டு நூல்ல வளருதே, அதுக்கு உயிரா இருக்கு? இதுவும் வளர்ற உப்புதான். மூணு சுத்துக்கு மேல கட்டாது, தானே நின்னுடும். அப்படித்தான் செஞ்சிருக்கோம்."

நின்னுடும்னா சரின்னு நானும் விட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் தொட்டியைக் கழுவணும், புதுப் பாக்கெட்டுதான் போடணும்னு அவர் குடுத்த கையேட்டுல கொட்டை எழுத்துல இருந்துது. நாங்களும் கழுவினோம். புதுப் பாக்கெட்டும் போட்டோம். கூடவே உறையும் ஊத்தினோம். பதினாறு வருஷமாப் பழகின கை சும்மா இருக்குமா? உறையைப் பத்தி அவருக்குத் தெரியாது, அதனால அவர் கேட்கல. எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல, அதனால நாங்க சொல்லல.

நாலே மாசத்துல தண்ணி கண்ணாடி ஆயிடுச்சு. வெளிவாய் மீட்டர்ல குரோமியம் சைபர், நாள் முழுக்க சைபர். முன்னெல்லாம் உப்புப் பிரிக்கிற சவ்வு மாசத்துக்கு ஒண்ணு அடைச்சுக்கும், அதுவும் அடைக்கல. மாசுக் கண்காணிப்பு மையத்துக்காரங்களே வந்து மீட்டர் பழுதான்னு சோதிச்சுப் பார்த்துட்டுப் போனாங்க. எங்க மேனேஜர் தணிகாசலத்துக்குப் பொன்னாடை, விருது, பேப்பர்ல போட்டோ. அப்புறம்தான் அந்தத் தண்ணியை ஆலைக்குப் பின்னாடி இருக்கிற முன்னூறு வீட்டுக் காலனிக்குக் குழாய் போட்டு விட்டாங்க.

காலனி ஜனங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆத்துல தண்ணி பார்த்து ஒரு தலைமுறை ஆச்சு, போர்ல வர்றது வாயில வைக்க முடியாத உவர்ப்பு. இந்தத் தண்ணியில சோப்பு லேசாத் தேய்ச்சாலே நுரை பொங்குது. அரிசி பூவா வேகுது. பாத்திரத்துல வெள்ளைப் படலம் இல்ல, முடி சிக்கு விழறதில்ல. என்னை ரோட்டுல பார்த்தாலே கையைப் பிடிச்சுக்கிட்டு நல்லா இருக்கணும்னு வாழ்த்துவாங்க. எனக்கும் பெருமைதான், இல்லேன்னு சொன்னா அது பொய்.

முனீரா எங்க ஆலையில சேறு பிழியற மெஷின்ல வேலை பார்த்தா. இருபத்தி நாலு வயசு, வாயாடி. அவ வீடும் அந்தக் காலனியிலதான். மொத புள்ளை அஞ்சாம் மாசம் கலைஞ்சு போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி உண்டானப்ப, புருஷன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி என்கிட்டதான் வந்து சொன்னா. பயமா இருக்குக்கான்னு சொல்லி அழுதா. இந்தத் தடவை ஒண்ணும் ஆகாதுடி, நான் இருக்கேன்னு சொல்லிவெச்சேன். சொல்லியிருக்கவே கூடாது.

நாலாம் மாசம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. வில்லை எடுத்து அடுக்கிட்டு அப்படியே தரையில உட்கார்ந்துடுவா. உதடு வெளுத்துப் போச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் பத்தரைன்னு எழுதி இரும்பு மாத்திரை குடுத்தாங்க. அடுத்த மாசம் எட்டே முக்கால். மாத்திரையை ரெண்டாக்கினாங்க. அதுக்கடுத்து ஏழரை. ஊசி போட்டாங்க, உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டி, அதையும் நிறுத்த வேண்டியதாப் போச்சு. மாத்திரையை வாங்கிட்டுப் போய்க் குப்பையில போடுறியான்னு நர்ஸம்மா அவளை எல்லார் முன்னாடியும் திட்டினாங்க.

"ஒருவேளைகூட விடலக்கா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சு முழுங்குறேன். என்மேல ஆணையா"ன்னா முனீரா.

ரெண்டு டம்ளர் தண்ணின்னு அவ சொன்னது என் மனசுல உறுத்திக்கிட்டே இருந்துது. அவ பக்கத்து வீட்டுக் கோழி ரெண்டு வாரமா ஓடே இல்லாம தோல் முட்டை போடுதுன்னு வேற சொல்லியிருந்தா. அதே தண்ணி பாயுற ஆலைத் தோட்டத்துல செம்பருத்தி இலையெல்லாம் மஞ்சளா நிக்குது. எனக்குத் தெரிஞ்ச சோதனை ஒண்ணே ஒண்ணுதான். எதையாவது தண்ணியில போட்டா அது இறங்குதா இல்லையான்னு பாக்குறது. முனீராகிட்ட ரெண்டு மாத்திரை வாங்கினேன். ஒண்ணைப் பொடி பண்ணி, எங்க வீட்டு போர் தண்ணி இருந்த ஜாடியில போட்டேன். இன்னொண்ணை ஆலை வெளிவாய்த் தண்ணியில போட்டேன். ரெண்டும் டீ நிறத்துக்கு மாறுச்சு. வீட்டுத் தண்ணி மத்தியானம் வரைக்கும் அதே நிறத்துல இருந்துது. ஆலைத் தண்ணியில பத்தே நிமிஷத்துல திரி கட்ட ஆரம்பிச்சு, கால் மணியில அத்தனையும் அடியில போய் உட்கார்ந்துடுச்சு. கலக்கக்கூட இல்ல நான். மேல தண்ணி பளபளன்னு நிக்குது.

ஜாடியைத் தூக்கிக்கிட்டு மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

"சார், அந்தப் பொடி குரோமியத்தோட நிக்கல. இரும்பையும் பிடிக்குது, சுண்ணாம்புச் சத்தையும் பிடிக்குது. தண்ணியோட சேர்ந்து காலனிக்குப் போயிருக்கு. வயித்துக்குள்ள போய் மாத்திரையைத் தின்னுது. தண்ணிய நிறுத்துங்க."

தணிகாசலம் கெட்ட ஆள் இல்ல. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஜாடியைப் பார்த்தாரு. அப்புறம் அலமாரியில இருந்து தரப் படிவத்தை எடுத்து என் முன்னாடி வெச்சாரு.

"ரூபா, இதுல முப்பத்தி மூணு வரி இருக்கு. இரும்பு இவ்வளவுக்குக் கீழ போகக் கூடாதுன்னு எங்க இருக்கு? காட்டு, இப்பவே வால்வை மூடுறேன்."

படிச்சேன். குரோமியம், மிகாமல். இரும்பு, மிகாமல். உப்பு, மிகாமல். காரத்தன்மைக்கு மட்டும்தான் கீழ ஒரு வரம்பு. மத்த எல்லாத்துக்கும் மிகாமல், மிகாமல், மிகாமல்.

"தண்ணி ரொம்ப சுத்தமா இருக்குன்னு நான் யாருக்கு லெட்டர் எழுதுறது? சிரிக்க மாட்டாங்களா? வால்வை மூடினா அறுபது ஷெட்டும் மூடணும், முன்னூறு வீடு குடத்தைத் தூக்கிட்டு என் வாசல்ல நிக்கும். ஒரு பொண்ணுக்கு ரத்தம் குறைஞ்சுதுன்னு..."

"ஒரு பொண்ணு இல்ல சார். சுகாதார நிலையத்துல கேட்டேன், போன மாசம் மட்டும் காலனியில பதினோரு பொம்பளைங்களுக்கு."

"அதெல்லாம் சத்துக்குறைவும்மா. அது சுகாதாரத் துறை."

கீர்த்திவாசனுக்கு போன் போட்டேன். அவர் அன்னைக்கு மத்தியானமே வந்துட்டாரு, அதுக்காக அவரை மதிக்கிறேன். ஜாடியில மூணு தடவை மாத்திரை போட்டுப் பார்த்தாரு.

"இது முடியாதுக்கா. மூணு சுத்துல நிக்கணும். தொட்டியைக் கழுவுறீங்கதானே?"

"கழுவுறோம் சார்."

"பழைய சேறு ஒரு பொட்டுகூடப் புதுத் தண்ணியில சேராதுதானே?"

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. உறை வாளி அங்கயே, தொட்டிக்குப் பக்கத்துல, ஈரத் துணி போட்டு மூடி இருக்கு. கையை மட்டும் காட்டினேன். அவர் வாளியைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு.

"எத்தனை நாளா?"

"நீங்க பொடி குடுத்த நாள்லேர்ந்து."

படியில உட்கார்ந்துட்டாரு. மூக்குல கைக்குட்டைகூட இல்ல.

"லட்சத்துல ஒரு துகள் நிக்காம ஓடும்க்கா. அது எங்களுக்குத் தெரியும். கழுவினா போயிடும்னு விட்டோம். நீங்க தினமும் அதைத் தேடிப் பொறுக்கி வளர்த்திருக்கீங்க. எது வேகமாப் பிடிக்குதோ, எதுக்குப் பசி அதிகமோ, அதை மட்டும் எடுத்து அடுத்த நாள் சாப்பாடு போட்டிருக்கீங்க. நானூத்தி எழுபது நாள். குரோமியம் பத்தலேன்னதும் இரும்பைத் தின்னப் பழகியிருக்கு."

"சவ்வைத் தாண்டி எப்படிப் போச்சு?"

"பழைய துகள் தாண்டாது. இது வளர்றதுக்கு முன்னாடி எவ்வளவு பொடிசா இருக்குமோ, யாரு கண்டா?"

ஆக, நாந்தான். யாரையோ திட்டிக்கிட்டு ஜாடியைத் தூக்கிட்டு அலைஞ்சேனே, வளர்த்துவிட்டது என் கைதான். அந்த நிமிஷம் எனக்கு அழுகை வரல, வாளியைத் தூக்கி அடிக்கணும் போல இருந்துது.

"வாளியைக் கொட்டிட்டா சரியாயிடுமா சார்?"

"தொட்டிச் சுவர்ல, குழாய்ல, எல்லா இடத்துலயும் ஒட்டியிருக்கும். ஆலையை நிறுத்தி, முழுசா அமிலத்துல கழுவணும். ஆனா ஒண்ணு, அந்தத் தண்ணியைக் குடிக்கிறதை நிறுத்தினா, வயித்துல இருக்கிறது ரெண்டு வாரத்துல வெளிய போயிடும். அப்புறம் மாத்திரை வேலை செய்யும்."

"அப்ப நிறுத்துங்க."

"எனக்கு அதிகாரம் இல்லக்கா. இன்னைக்கே அறிக்கை அனுப்புறேன்."

அனுப்பினாரு. பதில் ஒன்பது நாள் கழிச்சு வந்துது. சுவாரசியமான அவதானிப்பு, மூணு மாசம் ஆய்வு செய்து முடிவெடுக்கலாம், அதுவரை மாதிரிகள் எடுத்து வைக்கவும்னு. முனீராவுக்கு அப்ப ஆறாம் மாசம். ரெண்டாவது தடவை அவருக்கு போன் போட்டப்ப, மேல இருக்கிறவங்க கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கிறாங்கக்கான்னு குரல் கம்மிச் சொன்னாரு.

சரி, ஆலை கேட்காட்டி ஜனங்க கேட்பாங்கன்னு காலனிக்குப் போனேன். வீடு வீடா ஜாடியைக் காட்டினேன். "இவ்வளவு நாள் விஷத்தைக் குடிச்சோம், அப்ப எங்க போனீங்க?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. நல்ல தண்ணி வந்தது பொறுக்கலையான்னு இன்னொருத்தி. முனீரா மட்டும் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வெச்சா. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தா.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா. ஆனா நான் கல்யாணமாகி வந்தப்ப மூணு கிலோமீட்டர் போய்க் குடம் தூக்கினேன். அதுலதான் மொத புள்ளை போச்சு. இப்ப அடுப்பாங்கரையில குழாயைத் திருகினா வருது. இதைக் குடிக்காதேன்னா நான் மறுபடி எங்க போய்த் தூக்குறது?"

எங்க வீட்டு போர்லேர்ந்து தினம் ஒரு கேன் கொண்டுவந்து குடுத்தேன். உவர்ப்புத் தண்ணி. என் முன்னாடி ஒரு வாய் குடிப்பா. நான் போனதும் குழாய்த் தண்ணியிலதான் டீ, சோறு, குழம்பு எல்லாம். அவ மாமியாரு அந்தக் கேனைத் துணி துவைக்கக்கூட வெச்சுக்கல.

அந்த வெள்ளிக்கிழமை ரத்தம் ஆறே கால். புள்ளை வளர்ச்சி ரெண்டு வாரம் பின்னாடி இருக்குன்னு ஸ்கேன்ல எழுதியிருந்தாங்க. திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட நாலாவது தடவை போனேன். அவர் என்னைப் பார்த்ததுமே தலையைப் பிடிச்சுக்கிட்டாரு. "ஏதாவது ஒண்ணு வரம்பு மீறட்டும் ரூபா, அடுத்த நிமிஷம் நானே நிறுத்துறேன். இல்லாததுக்கு என்னை என்ன பண்ணச் சொல்ற?"

அவர் சலிப்புல சொன்னதுதான். நான் அதை அப்படியே எடுத்துக்கிட்டேன்.

எங்க வெளிவாய்ல ஒரு சின்னத் தொட்டி, அதுக்குள்ள மீட்டர். குரோமியம் ரெண்டைத் தாண்டி கால் மணி நேரம் நின்னா காலனிக்குப் போற வால்வு தானே மூடிக்கும். கண்காணிப்பு மையத்துக்குத் தகவல் போயிடும். அப்புறம் அதிகாரிங்க வந்து, ஆலை மொத்தமும் கழுவிச் சான்று வாங்காம, மேனேஜர் இல்ல, யாராலயும் திறக்க முடியாது. மீட்டர் தொட்டித் தண்ணி காலனிக்குப் போகாது, தனி வாய்க்கால்ல ஆலைக்குள்ளயே திரும்பிடும். அதை ரெண்டு தடவை பார்த்து உறுதி பண்ணிக்கிட்டேன்.

செவ்வாக்கிழமை காலை பதினோரு மணி. உள்வாய்லேர்ந்து ஒரு மக்கு பச்சைத் தண்ணி மொண்டு வந்து மீட்டர் தொட்டியில ஊத்தினேன். ஒண்ணு புள்ளி மூணு காட்டுச்சு. நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே இறங்கி சைபர். இன்னொரு மக்கு, மறுபடி சைபர். ஒரு வாளி ஊத்தினேன். மூணுக்கு ஏறுச்சு, நாலு நிமிஷத்துல அதையும் தின்னுட்டுத் தெளிஞ்சு நின்னுது. அடப்பாவி, அழுக்காக்கக்கூட விட மாட்டேங்குதே. நான் வளர்த்ததுதானே, என்கிட்டயே காட்டுது.

ரெண்டு கையிலயும் வாளி எடுத்தேன். உள்வாய்க்கும் வெளிவாய்க்கும் நூத்தி இருபது தப்படி. நாலாவது நடையில புடவை முழங்கால் வரைக்கும் பச்சை. எட்டாவது நடையில தோள்பட்டை விட்டுப்போச்சு. பதினோராவது நடையில மீட்டர் நாலுல நின்னுது, இறங்கல. விடாம ஊத்திக்கிட்டே இருந்தேன். பன்னெண்டேகாலுக்கு சைரன் அடிச்சுது. வால்வு மூடுற சத்தம் கேட்டுச்சு.

தணிகாசலம் செருப்புகூட இல்லாம ஓடிவந்தாரு. "என்னம்மா பண்ற?"

"அதிகமாக்குறேன் சார்."

விசாரணைக்கு வந்த அதிகாரி பொறுமையாத்தான் கேட்டாரு. நான் ஒண்ணு விடாமச் சொன்னேன். உறையைச் சொன்னேன், ஜாடியைச் சொன்னேன், பதினோரு பொம்பளைங்களைச் சொன்னேன். எழுதி முடிச்சுட்டுக் கையெழுத்துக்கு நீட்டினாரு. சுத்திகரித்த நீரில் வேண்டுமென்றே குரோமியம் கலந்தார். அவ்வளவுதான் இருந்துது.

"சார், இரும்பைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?"

"அதுக்கு இந்தப் படிவத்துல இடமில்லம்மா."

வேலை போச்சு, வழக்கு நடக்குது. ஆலையைப் பத்தொன்பது நாள் நிறுத்தி அமிலத்துல கழுவினாங்க, விதிமுறை அப்படி. அதுவரைக்கும் காலனிக்கு லாரித் தண்ணி. லாரி வர்றப்பல்லாம் என் பேரைச் சொல்லித்தான் சண்டை போட்டாங்களாம். கழுவி முடிச்சு ஆலையைத் திறந்தப்ப கீர்த்திவாசன் குறுக்க நின்னு, பொடியைத் தொடவிடாம சுண்ணாம்புக்கே திருப்பிட்டாரு. அதுக்காக அவரையும் வேற ஊருக்கு மாத்திட்டாங்க.

முனீராவைப் பார்க்க அஞ்சாவது வாரம் சுகாதார நிலையத்துக்குப் போனேன். பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. வயிறு நல்லாத் தெரிஞ்சுது. உதட்டுல நிறம் வந்திருந்துது. சீட்டு மடியில விரிச்சபடி இருந்ததால எட்டிப் பார்த்தேன். ஒன்பது.

என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து வயித்தை மூடிக்கிட்டா.

"வராதீங்கக்கா. நான் குடிக்கிற தண்ணியில போய் விஷத்தை ஊத்தியிருக்கீங்க. என் வயித்துல புள்ளை இருக்குன்னு தெரிஞ்சே ஊத்தியிருக்கீங்க."

"முனீரா, நான் சொல்றதைக் கேளு..."

"வேணாம்க்கா. போயிடுங்க."

உள்ளேருந்து அவ பேரைக் கூப்பிட்டாங்க. எதையும் பிடிக்காம எழுந்தா. வாசல்ல இருந்த நாலு படியையும் ஒரே மூச்சுல ஏறிப் போனா. நர்ஸம்மா சீட்டை வாங்கிப் பார்த்துட்டு, இத்தனை நாள் மாத்திரையை ஒழுங்காப் போட்டிருந்தா அப்பவே ஏறியிருக்கும்ல, இப்ப எப்படி ஏறுதுன்னு கேட்டது என் காதுல விழுந்துது.

முனீரா சிரிச்சா. "அப்பவும் போட்டேன்மா. இப்பத்தான் உடம்புல ஒட்டுது"ன்னா.